கடல் கடந்த ஆட்டக்காரர்

வல்லத்திராக்கோட்டையில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது, சிங்கப்பூரில் சம்பாதிக்கும் பிள்ளையின் பெயரை யாரும் விட்டுவிடுவதில்லை. வரிக்கு நம்மவர், தேச அணிக்கு மட்டும் அந்நியரா?

ரக்பி பந்தாட்டத்தில் நியூஜிலாந்துக்காரர் நெடுங்காலமாக ஒரு நியதி வைத்திருக்கின்றனர்: உள்நாட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளிநாட்டுக் கிளப்பில் ஆடப் போனவருக்குத் தேசிய அணியில் இடமில்லை. இல்லாவிடில் நல்ல ஆட்டக்காரர் யாவரும் கிளம்பிவிடுவர், உள்ளூர்ப் பந்தயங்கள் பாழாகும் என்ற பயம். நியாயமான பயமே. ஆயினும் அத்தகைய தடையை நீக்கிய தென்னாப்பிரிக்கா 2019, 2023 இரு முறையும் உலகக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்று!

நம் கால்பந்துக்கு இந்த நியதி வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்பில் சேர்ந்தார். அக்கிளப்பில் இருந்தபோதே, 2016-ல் மும்பையில் போர்ட்டோ ரிக்கோவை எதிர்த்த இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். 4-1 என்று ஜயித்தோம். பனி தேசத்தில் பயின்ற வித்தை நமக்கல்லவா பயன்பட்டது?

உண்மையான இடைஞ்சல் வேறு. சர்வதேசச் சம்மேளனம் குறித்த நாட்களுக்கு மட்டுமே கிளப்புகள் ஆட்டக்காரரை அனுப்பக் கடமைப்பட்டவை. நாம் வாரக்கணக்கில் பயிற்சி முகாம் நடத்தினால், அயல்நாட்டில் ஆடுபவர் எப்படி வருவார்? முதலில் முகாமைச் சுருக்கட்டும்.