இதயத்துக்குள் ஒரு குட்டிப் பை... மூடும் முன் கணினியில் ஒத்திகை!

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. அதைச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு. நிறுத்தினால் பக்கவாத பயம். தொப்பம்பட்டியோ சென்னையோ, இதயம் தாறுமாறாகத் துடிக்கும் பெரியவர்கள் இருக்கும் பல வீடுகளில் இந்தத் தவிப்பு உண்டு.

இந்தத் துடிப்புக் கோளாறுக்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று பெயர். இது இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம். காரணம், இதயத்தின் இடது மேலறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரல் அளவுப் பை. மேலறை சரியாகச் சுருங்காதபோது இந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வுக் கோளாறு இல்லாதவர்களிடம், இடது மேலறையில் உருவாகும் கட்டிகளில் 10-ல் 9 இந்தப் பையில்தான் உருவாகின்றன.

மாத்திரையைத் தொடர முடியாதவர்களுக்கு ஒரு மாற்று வழி, பையின் வாயை அடைப்பது. நெஞ்சைத் திறக்க வேண்டாம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குடை விரிவதுபோல் விரியும் சாதனத்தைப் பொருத்துவார்கள். 'வாட்ச்மேன்' என்ற சாதனத்துக்கு அமெரிக்கா 2015-ல் அனுமதி தந்தது.

சிக்கல் எங்கே?

எல்லோருக்கும் பை ஒரே வடிவத்தில் இல்லை. கோழி இறக்கை, கள்ளிச்செடி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பார்க்கும் காலிஃப்ளவர் என்று மருத்துவர்களே வடிவத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஆமுலெட்' என்ற சாதனம் மட்டும் 8 அளவுகளில் வருகிறது. அளவு தவறினால் ஓரத்தில் கசியும், அல்லது வெளியே எடுத்து வேறொன்றை வைக்க வேண்டிவரும்.

இங்கேதான் கணினி உதவுகிறது. நோயாளியின் சி.டி. ஸ்கேனிலிருந்து அவருடைய இதயத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கி, எந்த அளவு, எந்த இடம், எங்கே இடைவெளி விழும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்கிறார்கள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கையை உடுத்திப் பார்ப்பதுபோலத்தான். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் தொடங்கிய 'எஃப்.இ.ஆப்ஸ்' நிறுவனம் இதில் முன்னோடி. நோயாளி அங்கே போக வேண்டியதில்லை, ஸ்கேன் படங்களை இணையத்தில் அனுப்பினால் போதும்.

பலன் உண்டா? 200 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-ல் வந்தன. ஒத்திகை பார்த்த குழுவில், சாதனத்தை மாற்றி மாற்றி வைக்கும் தேவை குறைந்தது. கசிவும், சாதனத்தின் மேல் கட்டி உருவாவதும் குறைந்ததுபோல் தெரிந்தாலும், அது உறுதி என்று சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் அமையவில்லை. ஆக, இது மருத்துவரின் கைக்கு உதவி, உத்தரவாதம் அல்ல.

கவனிக்க...

* ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தச் சிகிச்சை வழக்கமில்லை, அவர்களுக்கு மாத்திரைதான்.

* சாதனம் வைத்த பிறகும் சில காலம் மருந்து உண்டு. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* பெரிய இதய மருத்துவமனைக்குப் போகும்போது, "எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சி.டி. பார்த்துத் திட்டமிடுவீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நோய் இருப்பது தெரிய வேண்டுமே! வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். தாளம் தப்பினால், பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.