காலம் தவறிய விடை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

செல்பேசிக் கோபுரமும், அதன் செய்தியை வாங்கி அனுப்பும் ரிலே நிலையமும் ஒரே அலைவரிசையில் பலருடன் பேசுகின்றன. ஒருவர் செய்தி மற்றவர்க்கு இடையூறாகாதிருக்க, அனுப்புமுன்பே கணக்கிட்டு அலைகளைத் திருத்த வேண்டும். அதற்கு அணியின் நேர்மாறு தேவை. வழக்கமான முறையில் அணியின் வரிசை இருமடங்கானால் வேலை எண்மடங்கு! வண்டியில் செல்வோர்க்கோ சில மில்லிநொடிகளில் அலைவழியே மாறிவிடும்.

ஆகவே நியூமன் தொடரின் முதல் இரண்டு உறுப்புகளோடு நிறுத்துவதும் ஒரு வழி. பயனாளரைவிட ஆண்டெனாக்கள் பன்மடங்கு இருந்தால் பிழை சிறிதே.

தோராயம் இழுக்கு என்பாரோடு நான் உடன்படேன். எழுத்தறியாத என் தந்தை நெற்குவியலைப் பார்த்தே இத்தனை மூட்டை என்பார். மழைக்குமுன் வண்டி பிடிக்க அது போதுமன்றோ! நம் தேர்வுத்தாளும், எத்தனை படிகளில் விடை கண்டாய் என்று கேட்கட்டும்!