1 கோடி மிச்சம் இருந்தும் விஷம் குடித்த ரோமானியர்: ‘போதும்’ என்பது எவ்வளவு?

கையில் இன்னும் 1 கோடி இருக்கிறது. ஆனாலும் ‘இனி பட்டினிதான்’ என்று பயந்து ஒருவர் விஷம் குடிக்கிறார். நம்ப முடிகிறதா?

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ரோமில் வாழ்ந்த அபிசியஸின் கதை இது. ருசிக்காகவே வாழ்ந்த பெரும் பணக்காரர். சமையலறைக்கு மட்டும் 10 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கொட்டினார். கடன் கழுத்தை நெரித்தபோதுதான் முதல்முறையாகக் கணக்குப் பார்த்தார். 1 கோடிதான் மிஞ்சும் என்று தெரிந்ததும் உயிரை விட்டார். இதை எழுதி வைத்தவர் தத்துவ அறிஞர் செனெகா.

அந்த 1 கோடி சின்னத் தொகையா? அன்று சாதாரணப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் சுமார் 900 செஸ்டர்ஸ். அதாவது 11,000 வீரர்களின் ஒரு வருடச் சம்பளம் அது. செனட் உறுப்பினராகவே 10 லட்சம் சொத்து இருந்தால் போதும். ஆக, அபிசியஸிடம் பணம் தீரவில்லை. ‘போதும்’ என்ற அளவுதான் அவரிடம் இல்லை.

சட்டம் போட்டும் அடங்கவில்லை

ஆடம்பரத்தை அடக்க ரோம் சட்டமும் போட்டுப் பார்த்தது. கி.மு. 161-ல் வந்த ஃபான்னியஸ் சட்டம் விருந்துச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. கொழுக்க வைத்த பெட்டைக் கோழியைப் பரிமாறக் கூடாது என்றும் சொன்னது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சேவலைக் கொழுக்க வைத்தார்கள்!

இரண்டு நூற்றாண்டுகள் கழித்தும் கதை மாறவில்லை. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் வெளியே போகிறது என்று பிளினி புலம்பினார். அதில் முக்கியமான சரக்கு, சேர நாட்டு முசிறியில் இருந்து கப்பலேறிய மிளகு. வெளியில் இருந்து போடும் பூட்டு ஆசையைத் தடுக்காது என்பதுதான் இதில் தெரிகிற பாடம்.

செனெகா சொன்ன பயிற்சி

செனெகா வேறு வழி சொன்னார். அவ்வப்போது மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள். மலிவான சாப்பாடு, முரட்டுத் துணி, சாதாரணப் படுக்கை. பிறகு உங்களையே கேளுங்கள்: ‘இதுக்கா இவ்வளவு பயந்தேன்?’

இது பணத்தை மிச்சம் பிடிக்கும் யோசனை அல்ல. பயத்தைக் குறைக்கும் பயிற்சி. பணக்காரர்கள் பொழுதுபோக்காக ‘ஏழை வேஷம்’ போடுவதை அவர் கிண்டல் செய்தார். அழுக்குத் துணியும் பரட்டைத் தலையுமாகத் திரிந்து எளிமையை விளம்பரம் செய்யாதீர்கள் என்றும் எச்சரித்தார். முக்கியமாக, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் தினமும் இப்படித்தான் வாழ்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டார்.

‘நீங்க மட்டும் ஒழுங்கா?’

இந்தக் கேள்வி அன்றைக்கே வந்தது. மன்னன் நீரோவுக்கு நெருக்கமாக இருந்த நான்கே ஆண்டுகளில் செனெகா 30 கோடி செஸ்டர்ஸ் சேர்த்துவிட்டார் என்று எதிரிகள் குற்றம்சாட்டினார்கள். நியாயமான கேள்விதான். பிற்காலத்தில் சொத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார், நீரோ வாங்கவில்லை. கி.பி. 65-ல் அதே நீரோவின் உத்தரவால் இறந்தார். ‘போதும்’ என்று சொல்லத் தாமதித்தால், அதைச் சொல்லும் உரிமையே கையை விட்டுப் போய்விடும் என்பதற்கு அவர் வாழ்க்கையே உதாரணம்.

கவிஞர் ஹொரேஸ் அந்த வகையில் கெட்டிக்காரர். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன். பேரரசர் அகஸ்டஸே அவரைத் தன் செயலராக அழைத்தார். ஹொரேஸ் மறுத்துவிட்டார். புரவலர் மூலம் கிடைத்த சபைன் மலைப்பகுதிப் பண்ணை அவருக்குப் போதுமாக இருந்தது. அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் வாழும் ‘பொன்னான நடுவழி’ என்ற சொல்லாட்சி அவர் தந்ததுதான்.

நமக்கு என்ன?

சம்பளம் ஏறும்போதெல்லாம் செலவும் கூடவே ஏறுகிறது. பெரிய வீடு, புது கார், இன்னொரு இஎம்ஐ. பிறகு பிடிக்காத வேலையைக்கூட விட முடிவதில்லை. அளவில்லாத செலவுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான்: ‘வேண்டாம்’ என்று சொல்லும் சுதந்திரம்.

மாதம் மூன்று நாள் செனெகா சொன்னபடி இருந்து பாருங்கள். ஸ்டேட்டஸ் போட வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். எது இல்லாமல் நிம்மதியாக இருக்க முடிந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இன்க்ரிமென்ட் வருவதற்கு முன்பே உங்கள் ‘போதும்’ எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அபிசியஸ் போலக் கடன் வந்த பிறகு கணக்குப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.