துடுப்புக்கு முன் நீர் வேண்டும்

ஆற்றைக் கரையில் நின்று காண்பது ஒரு வகை. பாலத்தின் மேலிருந்து காண்பது மற்றொரு வகை. ஆற்றின் மேலேயே மிதந்து, அதன் போக்கிலே சென்று காண்பது முற்றிலும் வேறு வகை. முன்னிரண்டிலும் நாம் பார்வையாளர். மூன்றாவதில் ஆற்றின் விருந்தினர். நம் நாட்டிலும் பரவிவரும் 'கயாக்' என்னும் சிறுபடகுப் பயணத்தை இந்நோக்கில் எண்ணிப் பார்த்தல் தகும்.

கயாக், வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் உலகிற்கு அளித்த கொடை. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் அமைத்து, அதன்மேல் விலங்குத் தோலைப் போர்த்தி, வேட்டைக்கென அவர்கள் செய்துகொண்ட படகு அது. இன்று நெகிழியால் ஆகி, ஓய்வுப் பயணத்திற்கு உரியதாகிவிட்டது. ஒருவரோ இருவரோ அமரலாம். இருமுனையிலும் அலகுடைய ஒரு துடுப்பே அதன் விசை. புகையில்லை, இரைச்சலில்லை, நடையின் வேகமே அதன் வேகம். பத்துப் பேர் பத்துப் படகுகளில் பேசிக்கொண்டே செல்லலாம்.

இது நமக்குப் புறம்பானதன்று. தோணி, ஓடம், அம்பி, பரிசல், கட்டுமரம் எனக் கலங்களுக்குப் பல பெயர் கண்டது நம் மொழி. வையையில் புதுப்புனல் வந்தபோது மதுரை மக்கள் திரண்டு நீராடி மகிழ்ந்ததைப் பரிபாடல் விரித்துரைக்கின்றது. ஆற்றிலே கூடி இன்புறுதல் தமிழர்க்குப் பழைய வழக்கமே.

எனினும், தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் இக்கரிசல் மண்ணில், குடிநீருக்குக் குடமேந்தி நிற்கும் ஊர்களின் நடுவே, படகு விளையாட்டு ஒரு தேவையா என வினவுவார் உளர். வினா நியாயமானதே. அதற்குரிய விடையை அண்டை மாநிலமாகிய கேரளத்தின் சாலியாறு தருகின்றது.

சாலியாற்றில் நிலம்பூரிலிருந்து கடலோரப் பேப்பூர் வரை, ஏறத்தாழ 68 கிலோமீட்டர் தொலைவை மூன்று நாட்களில் கடக்கும் துடுப்புப் படகுப் பயணம் நடத்தப்பட்டு வருகின்றது. செல்வோர் தென்னந்தோப்புகளையும் சிற்றூர்களையும் கண்டு களிப்பதோடு, வழியில் மிதக்கும் நெகிழிக் கழிவுகளையும் சேகரிக்கின்றனர். ஆனால் அந்த ஆறு எளிதில் கிடைத்துவிடவில்லை. மாவூரில் இயங்கிய மரக்கூழ்த் தொழிற்சாலையின் கழிவால் நஞ்சுற்றிருந்த ஆறு அது. அதை எதிர்த்த மக்கள் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர் வாழக்காட்டைச் சேர்ந்த கே. ஏ. ரஹ்மான். அவர் 1999-ஆம் ஆண்டில் புற்றுநோயால் மறைந்தார். ஆலை 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதனால் வேலையிழந்தோரின் துயரையும் மறத்தலாகாது. முதலில் ஆறு மீட்கப்பட்டது. பின்னரே படகு வந்தது. இந்த வரிசையே நமக்குப் பாடம்.

இனி நம் வைப்பாற்றைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சிவகிரிப் பகுதியில் தோன்றி, வெம்பக்கோட்டை, சாத்தூர், இருக்கன்குடி வழியே ஓடி, தூத்துக்குடி மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைச் சேர்கின்றது அது. அதன் கரையிலே வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் நுண்கற்கருவிகளும் சங்கு வளையல்களும் கிடைத்துள்ளன. அத்துணைத் தொன்மையான வாழ்வை ஊட்டிய ஆறு இது!

வைப்பாறு வற்றாத ஆறன்று. பருவமழையை நம்பிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடப்பது அதன் குறையன்று, இயல்பு. அம்மணலே அதன் நீர்த்தொட்டி. வெள்ளம் வடிந்த பின்னும் மணலுக்கடியில் நிற்கும் நீரே கரையோரக் கிணறுகளைக் காக்கின்றது. மணலை அள்ளினால் தொட்டி உடைகின்றது. சீமைக்கருவேலம் அடர்ந்தால் வெள்ளத்தின் வழி அடைபடுகின்றது. சாக்கடையைத் திருப்பிவிட்டால் எஞ்சிய நீரும் கெடுகின்றது. 2017-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணையை ஒட்டிச் சீமைக்கருவேலத்தை அகற்றும் பணி தமிழகமெங்கும் விரைந்து நடந்தது. ஆயினும் வேரோடு களையாத இடங்களில் அது மீண்டும் தழைக்கும் என்பதை உழவர் அனைவரும் அறிவர்.

கையை நீரில் நனைத்தபடி அமர்ந்து செல்லத்தக்க ஆற்றில் சாக்கடை இருத்தலாகாது; முள் இருத்தலாகாது; ஆளை விழுங்கும் மணற்குழி இருத்தலாகாது. குடிநீர்க் கிணற்றுக்கு வேண்டுவனவும் இவையே அன்றோ? குடத்தின் தேவையும் படகின் தேவையும் ஒன்றே. எனவே படகுப் பயணத்தைச் செல்வர்தம் பொழுதுபோக்கென்று ஒதுக்காமல், ஆற்றின் நலத்தை அளக்கும் அளவுகோலாகக் கொள்வதே அறிவுடைமை.

கல்லூரி மாணவர்கள் இதனைத் தொடங்கி வைக்கலாம். கோடையில் சாத்தூர் முதல் இருக்கன்குடி வரை வறண்ட ஆற்றினூடே குழுவாக நடந்து செல்லட்டும். குழி எங்கே, கழிவு கலக்கும் வாய் எங்கே, முட்புதர் எங்கே எனக் குறித்து, நகராட்சியிடமும் நீர்வளத்துறையிடமும் அளிக்கட்டும். மழைக்காலம் முடிந்து நீர்த்தேக்கத்தில் நீர் அமைதியுற்று நிற்கும்போது, உரிய இசைவு பெற்று, உயிர்காப்பு உடையணிந்து, தேர்ந்தவர் துணையுடன் துடுப்பெடுக்கட்டும். வெள்ளத்தில் இறங்குதல் வீரமன்று. கேரளத்தின் தானூரில் 2023-ஆம் ஆண்டு மே மாதம் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை எவரும் மறத்தலாகாது.

தொடர்வண்டியில் வைப்பாற்றுப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அந்த ஒரு நிமிடப் பார்வையில் ஆற்றின் நோயும் தெரியாது, அதன் அருமையும் தெரியாது. நடந்தும் மிதந்தும் அறிந்த ஆற்றுக்கு ஒரு கேடு நேருமாயின், அதைத் தட்டிக் கேட்க ஓர் இளைஞர் கூட்டம் இருக்கும். அக்கூட்டம் நம் வகுப்பறைகளிலிருந்து எழ வேண்டும்.