கத்திரி வெயிலில் ஏரியைப் போய்ப் பாருங்கள்

ஏப்ரல் கடைசியில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுதான்: "லீவுக்கு எங்க?" ஏற்காடு, கொடைக்கானல், ஏலகிரி என்று ஆளுக்கொரு மலை சொல்வார்கள். "நான் ஏரிக்கு" என்பேன். "போட்டிங் இருக்கா டீச்சர்?" என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்பார். எங்கள் ஏரியில் மே மாதம் படகு விட்டால் அது ஆட்டு மந்தைக்கு நடுவில்தான் நிற்கும்.

எனக்கு வயது 54. வேலையும் வீடும் விழுப்புரத்தில். அம்மா இருப்பது திண்டிவனம் போகும் வழியில், மயிலம் பக்கம், ஏரிக்குக் கீழே எங்கள் கழனியில். மோட்டார் கொட்டாயை ஒட்டி ஓர் அறை, முன்னால் கீற்றுப் பந்தல், ஒரு வேப்பமரம், ஒரு கயிற்றுக் கட்டில். என் கோடைவாசஸ்தலம் இவ்வளவுதான். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க் கதை என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். உங்கள் ஊர்க் கதையும் அநேகமாக இதுதான்.

நான்கு வருஷத்துக்கு முன் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க எனக்குப் பொறுமை கிடையாது. மணிக்கு எட்டணா கொடுத்து வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய கால் இது. மறுபடியும் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். கோடையில் காலை ஐந்தரைக்குக் கிளம்பி நான்குமுனை சந்திப்பு, நேருஜி ரோடு, ரயில்வே ஸ்டேஷன் என்று ஒரு சுற்று. ஏழரைக்கு மேல் தார் ரோட்டின் அனல் முகத்தில் அடிக்கும். காய்கறிக் கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினால் கறுப்பு சீட் தோசைக்கல் ஆகிவிடும். அதற்காகவே கேரியரில் ஓர் ஈரத் துணி வைத்திருக்கிறேன். "கத்திரி முடியற வரைக்கும் காத்து கொஞ்சம் கம்மியா வெச்சுக்கோங்க டீச்சர்" என்பார் பஞ்சர் கடைக்காரர்.

சைக்கிளில் போகிறவருக்கு ஊர் வேறு மாதிரித் தெரியும். எந்தத் தெருவில் எத்தனை மணி வரை நிழல் விழும் என்பது மனப்பாடம். எந்த ரோடு லேசாக இறங்குகிறது என்பது முழங்காலுக்குத் தெரியும். சைக்கிள் பெடல் மிதிக்காமல் தானாக உருளும் இடம் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இடம். விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் பக்கம் போகும்போது ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வரும். அது ஏரியாக இருந்த இடம். மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. பயணிகள் முழங்கால் தண்ணீரில் பஸ் ஏறுகிறார்கள்.

வழக்கமாகச் சனிக்கிழமை கூட்டேரிப்பட்டு வரை பஸ்ஸில் போவேன். அங்கே தெரிந்த டீக்கடை ஓரத்தில் என் பழைய சைக்கிள் ஒன்று நிற்கும். அதை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவேன். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரைக்கு, விழுப்புரத்திலிருந்தே மிதித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். திண்டிவனத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். எனக்கு அதில் முக்கால் பங்கு. முண்டியம்பாக்கம் தாண்டும்போது வெளுத்துவிட்டது. விக்கிரவாண்டியில் டீ. அதற்கு அப்புறம் நால்வழிச் சாலை ஓரத்தில் சைக்கிளுக்கென்று இடமும் இல்லை, தலைக்கு மேல் நிழலும் இல்லை. திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு என்பதால்தான் அந்த ஊர் திண்டிவனம். அங்கே சாமிக்கே திந்திரிணீஸ்வரர் என்றுதான் பெயர். அந்த ஊருக்குப் போகிற ஜி.எஸ்.டி. சாலையில் ஒதுங்கி நிற்க ஒரு புளியமரம் தேடி ரொம்ப தூரம் மிதித்தேன். கூட்டேரிப்பட்டு வந்தது. இந்தப் பெயருக்குள்ளேயே ஓர் ஏரி இருக்கிறது. பஸ்ஸில் நூறு முறை கடந்தபோது இது என் காதில் விழுந்ததே இல்லை.

கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா சொன்னது: "வெயில் ஏறதுக்குள்ள வந்துட்ட. பானையில கூழு இருக்கு, கரைச்சுக் குடி. அப்புறம் ஏரிக்குப் போலாம்."

அம்மாவுக்கு 78 வயது. மே மாதம் தவறாமல் ஏரிக்குள் இறங்கி ஒரு கணக்குப் பார்ப்பார். மதகுக்குப் பக்கத்தில் உள்பக்கம் இறங்கக் கல்படி உண்டு. அவர் கல்யாணமாகி வந்த புதிதில் சித்திரையில் தண்ணீர் வற்றினால் ஏழு படி தெரியுமாம். எனக்கு நினைவு தெரிந்து ஆறு. இன்று நான்கு. மீதி மூன்று படியும் எங்கும் போகவில்லை, வண்டலுக்குள் புதைந்து கிடக்கிறது. ஏரியின் கொள்ளளவு எவ்வளவு குறைந்தது என்று இஞ்சினியர் வந்து அளக்கலாம். என் அம்மா படியை எண்ணிச் சொல்லிவிடுகிறார்.

அங்கிருந்து ஏரிக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் காய்ந்த நத்தை ஓடுகள். ஒரு பக்கம் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு. அதன் முள்தான் என் டியூபுக்கு எமன். வண்டிப்பாதை ஓரத்தில் வீடு இடித்த கல்லும் சிமெண்டும் கொட்டிய மேடு. இன்னும் கொஞ்சம் தள்ளி, லாரி வந்து போக வசதியான இடமாகப் பார்த்து, பொக்லைன் தோண்டிய பள்ளம்: செங்குத்தான கரை, இரண்டு ஆள் ஆழம். ஏரி மண் எடுத்தால் ஆழமாகும், நல்லதுதானே என்று கேட்கலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறாது. கிணற்றுக்கு ஊறலாம், கழனிக்குப் பாயாது. முதல் மழையில் வருகிற தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சரியாக இருக்கும். மழை நின்றபின் ஏரி முழுக்க இடுப்பளவு என்று நம்பிக் குளிக்க இறங்கும் பிள்ளைக்கு அந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அடுத்து என்ன நடக்கும் என்பதை வருஷா வருஷம் செய்தியில் படிக்கிறோம்.

இது ஒன்றும் கார்த்திகையில் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கரைமேல் நின்று பார்த்தால் எல்லா ஏரியும் கடல் மாதிரி அழகாக இருக்கும். குப்பை மேடு, பள்ளம், முள், வளைத்துப் போட்ட வேலி எல்லாவற்றையும் தண்ணீர் மூடிவிடும். செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவோம். சித்திரை, வைகாசியில்தான் ஏரி தன் உடம்பைக் காட்டுகிறது. அந்த இரண்டு மாதமும் நாம் மலையில் இருக்கிறோம்.

என் பழைய மாணவி ஒருத்தி பின்லாந்தில் வேலை பார்க்கிறாள். அங்கே ஏரிக்கரையில் மரக்குடில் கட்டிக் கோடையில் போய்த் தங்குவது ஊர் வழக்கம். சுமார் 55 லட்சம் பேர் உள்ள நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கோடைக்குடில்கள். படம் அனுப்பி, "நம்ம ஊர்லயும் இப்படி இருந்தா எப்படி இருக்கும் மிஸ்" என்று கேட்டாள். இருக்கிறது, மோட்டார் கொட்டாய் என்று அதற்குப் பெயர் என்று பதில் போட்டேன். ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் ஏரிக்குக் கோடையில் வேலை கிடையாது, அழகாக இருந்தால் போதும். நம்முடையது மனிதர்கள் கரை போட்டு உண்டாக்கிய ஏரி. ஆறு மாதம் நிறைந்து, ஆறு மாதம் வற்றி, வற்றிய காலத்தில் தூர் வாரி, கரை கட்டி, மதகு பார்த்தால்தான் அடுத்த வருஷம் உயிரோடு இருக்கும். வற்றுவது அதன் நோய் அல்ல. வற்றியபோது யாரும் எட்டிப் பார்க்காததுதான் நோய்.

பார்க்காததன் விலை என்ன என்று எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 32 அடி கொண்ட வீடூர் அணை நிரம்பி, சங்கராபரணியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தொட்டுத் தண்ணீர் போனதால் ரயில்கள் நின்றன. அவ்வளவு மழையை எந்த ஏரியும் முழுசாக வாங்கியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்து ஏற்பாடு. நடுவில் வாய்க்காலை மூடி மனை போட்டிருந்தால் அது அடுத்தவர் வீட்டுக்குள்தான் போகும். எங்கள் ஏரியின் வரத்து வாய்க்காலில் ஒரு காலத்தில் மாட்டு வண்டி இறங்கி ஏறும். இப்போது என் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் இடம் மிச்சம்.

பெரிய நீர்நிலைகளுக்குக் கொஞ்சம் நல்ல காலம் வந்திருக்கிறது. மரக்காணம் பக்கத்துக் கழுவெளி 5,100 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சந்தோஷம். ஆனால் பறவை பார்க்க யாரும் வராத, பெயர்ப்பலகை இல்லாத ஊர் ஏரிக்கு யார் பொறுப்பு? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. இரண்டுக்கும் நடுவில் மனு மட்டும் சைக்கிள் இல்லாமலே போய்ப் போய் வரும். சட்டம் இல்லாமல் இல்லை. அப்போது பொதுப்பணித் துறையிடம் இருந்த ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்தது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் முறை 2024-ல் வந்தது. நல்ல ஏற்பாடு. எங்கே, எவ்வளவு ஆழம் எடுக்கிறார்கள் என்று கரைமேல் நின்று பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் குறை.

ஆக்கிரமிப்பு என்றதும் புல்டோசர் என்று நினைக்க வேண்டாம். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்களில் என்னிடம் படித்த பிள்ளைகளும் உண்டு. போக வேறு இடம் இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். மாற்று இடம் கொடுக்காமல் அவர்களை எழுப்புவது நியாயம் இல்லை. நான் சொல்வது வாய்க்காலை மூடிய மனைகளை, ராத்திரியில் கொட்டும் கட்டடக் கழிவை, அளவுக்கு மேல் போன பள்ளத்தை. இவற்றை எடுக்க யாருக்கும் வீடு கட்டித்தர வேண்டியதில்லை.

எனக்குத் தோன்றுகிற வழி சின்னது. வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1. கத்திரி தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, ஏரி வற்றிக்கிடக்கும் நேரம். அன்றைய கூட்டத்தை ஏரிக்கரையில் வையுங்கள். புலப்படத்தை விரித்து, எல்லைக் கல் இருக்கிறதா, வரத்து வாய்க்கால் எத்தனை அடி, மதகுப் படி எத்தனை தெரிகிறது என்று எண்ணித் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே நாளில் அதே படியை எண்ணினால், வேலை நடந்ததா இல்லையா என்று ஒரு கிழவிகூடச் சொல்லிவிடுவார். வடகிழக்குப் பருவமழைக்கு அதன்பின் ஐந்து மாதம் இருக்கிறது. அவகாசம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆளுக்கும் பஞ்சம் இல்லை. 2001-ல் பட்டியலின மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள், 2005-லிருந்து அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு மாணவர் எல்லோருக்கும் கிடைக்கிறது. லீவில் அந்த சைக்கிள்கள் திண்ணையில் சும்மா நிற்கின்றன. வெயில் ஏறுவதற்கு முன் காலையில் இரண்டு மணி நேரம், நாலு பிள்ளைகள் ஒரு டேப்போடு போனால் ஓர் ஏரியின் வாய்க்காலை முழுக்க அளந்து படம் எடுத்துவிடலாம். போன வருஷம் எங்கள் ஊரில் மூன்று பெண்கள் என்னோடு வந்தார்கள். அளந்த அகலத்தைச் சுண்ணாம்பால் கல்வெட்டுப் பாலத்தின் சுவரில் எழுதி வைத்தோம்: எட்டு அடி. புலப்படத்தில் இருப்பது இருபது. அதைப் பார்த்த பிறகு ஊரில் பேச்சு எழுந்திருக்கிறது. வாய்க்கால் இன்னும் அகலமாகவில்லை.

ஊட்டிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போய்விட்டு வாருங்கள். போவதற்கு முன், மே 1 காலையில், சைக்கிளோ வண்டியோ நடையோ, உங்கள் ஊர் ஏரிக்குள் ஒருமுறை இறங்கி மதகுப் படியை எண்ணிவிட்டுப் போங்கள்.