கருப்பனைப் பேயாக்கிய கதை

சமயம் கலந்த திகில் புதினம் தமிழில் நன்கு விலைபோகும் சரக்கு. பாழடைந்த கோயில் ஒன்று, பழஞ்சாபம் ஒன்று, நள்ளிரவில் குதிரைக் குளம்பொலி. எஞ்சியவற்றை வாசகனின் அச்சமே எழுதிக்கொள்ளும். இத்துறையில் முடிசூடியவர் 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன். அவருடைய 'விட்டுவிடு கருப்பா' என்னும் புதினமே, நாகாவின் இயக்கத்தில் 'விடாது கருப்பு' எனப் பெயர் பூண்டு, 1997-இல் சன் தொலைக்காட்சியில் தொடராக வந்து தமிழ் இல்லங்களை நடுங்கச் செய்தது. கதையை விறுவிறுப்பாக நடத்தும் ஆற்றல் அவருக்கு உண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. எம் வழக்கு வேறு.

ஊரில் தவறிழைத்தோரைக் கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று வாரக்கணக்கில் நம்மை அச்சுறுத்துகின்றனர். பின்னர், பிளவுபட்ட உள்ளம் என்னும் மனநோயைக் கொண்டு முடிச்சை அவிழ்க்கின்றனர். பக்தன் "என் தெய்வம் எங்கே?" என்கிறான், பகுத்தறிவாளன் "இதைச் சொல்லவா இத்தனை குளம்பொலி?" என்கிறான். இருவருக்கும் விடையில்லை. தெய்வத்தை நம்பி எழுதுக, அன்றி மறுத்து எழுதுக. இரண்டுக்கும் துணிவு வேண்டும். அச்சத்திற்கு மட்டும் தெய்வத்தை வாடகைக்கு அமர்த்துவது என்ன முறை?

கருப்பன் யார்? அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குத் திருவுருவம் இல்லை. சந்தனம் பூசிய கதவுகளே தெய்வம். கொடுக்கல் வாங்கல் வழக்கும் பங்காளிப் பிணக்கும் அக்கதவின்முன் சத்தியத்தால் தீர்ந்தன. அங்கே பொய்யுரைக்க நா எழாது. இருட்டுக்கு நடுங்குபவனின் அச்சமன்று அது. தன் சொல்லுக்குத் தானே அஞ்சுபவனின் அச்சம். இத்துணைப் பெரிய பொருள் கையில் இருந்தும், கதையில் எஞ்சியது அரிவாளும் குதிரையுமே.

புதுமைப்பித்தன் 1943-இல் 'காஞ்சனை' எழுதினார். பேய்தான் என்று அடித்துப் பேசவில்லை, பிரமை என்று தள்ளவுமில்லை. வீட்டுக்குள் வந்து நின்ற ஐயத்தை அப்படியே விட்டுச் சென்றார். சில பக்கங்களே கொண்ட சிறுகதை; இன்றும் இரவில் தனியே படிக்கத் தயங்குகிறோம்.

ஊரில் இருப்போர்க்கு இதனால் பெரிய கேடில்லை. கோயில் கண்ணெதிரே நிற்கிறது. பீன்யாவின் பட்டறைகளை நம்பி வந்த நம் நிலை அப்படியா? மதுரை, சிவகங்கைப் பக்கத்தார்க்குக் கருப்பனும், சேலம், தருமபுரிப் பக்கத்தார்க்கு முனியப்பனும் ஆண்டுக்கொருமுறை காணும் தெய்வங்களாகிவிட்டனர். கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகள் குலதெய்வத்தை அறிவது இத்தகைய கதைகள் வழியேதான். பொங்கல் வைத்துப் படையலிடும் வேளையில், "இதுதான் அந்தப் பேயா அப்பா?" என்று பிள்ளை கேட்டால், தந்தை எந்தப் புதினத்தை எடுத்துக் காட்டுவார்? இந்தப் பெங்களூரிலேயே கன்னடரும் தமிழரும் ஒருங்கே முனேசுவரனை வணங்குகின்றனர். எவரும் அவரைக் கண்டு ஓடவில்லை.

கருப்பன் கோயில் சத்தியத்தை நடுவே வைத்து ஒரு நல்ல புதினம் எழுத இளைஞர் எவரேனும் முன்வருவாராயின், அடுத்த மலரில் எமக்கு ஒதுக்கும் பக்கங்களை அவருக்கே விட்டுத்தர யாம் ஆயத்தம்.