அல்பாக்காவின் நிறங்களை ஆய்வுக்கூடம் காக்கட்டும்

பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பயிரை நம்பி வாழ முடியாத புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. அங்கே வாழும் குடும்பங்களுக்கு அல்பாக்காதான் சொத்து. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, திமில் இல்லாத இந்தச் சிறு விலங்கின் உரோமம் உலகச் சந்தைக்குப் போகிறது. உலகின் அல்பாக்காக்களில் பெரும்பகுதி பெருவில்தான் இருக்கிறது. அவற்றில் மிகுதி சிறு மேய்ப்பர்களுக்குச் சொந்தம். அல்பாக்காவின் சினைமுட்டையை உடலுக்கு வெளியே முதிரவைத்துச் சோதனைக் குழாய் முறையில் கருவூட்டும் ஆய்வுகள் அங்கு நடந்துவருகின்றன. ‘உயர்ரக விலங்குகளை வேகமாகப் பெருக்கலாம்’ என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். அது போதாது, அதை மட்டுமே பிடித்துக்கொண்டால் கேடும் விளையும். பொதுப்பணத்தில் நடக்கும் இந்த ஆய்வின் முதல் கடமை, சந்தை கைவிட்டுவரும் அல்பாக்கா வகைகளைக் காப்பதாக இருக்க வேண்டும்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவதுபோல இதற்கும் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். இந்த விலங்கின் உடலமைப்பு அதற்கு எளிதில் இடம்தருவதில்லை. பசுவைப்போல இதற்குச் சீரான பருவச் சுழற்சி கிடையாது. இணைசேர்ந்த பிறகே சினைமுட்டை வெளிப்படுகிறது. அதைத் தூண்டும் பொருள் ஆணின் விந்துத் திரவத்திலேயே இருக்கிறது; அது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதமே என்று 2012இல் உறுதியானது. விந்தோ மிகவும் பிசுபிசுப்பானது. அதிலிருந்து விந்தணுவைப் பிரிப்பதும் உறையவைத்துக் காப்பதும் கடினம். சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். ஈற்றுக்கு ஒரே குட்டி. தரித்த கருக்களில் பெரும்பங்கு முதல் மாதத்திலேயே அழிந்துவிடுகிறது. ஆகவே ஒரு தாயின் மரபை வேறு வழியில் சேமிப்பது அரிது. இறைச்சிக் கூடத்தில் கிடைக்கும் சினைப்பையிலிருந்து முதிராத முட்டைகளை எடுத்து, உடல்வெப்பத்தில் ஒரு நாளுக்கும் மேலாக வைத்து முதிரச்செய்து கருவூட்டும் முறை இங்குதான் பொருள்பெறுகிறது. 1990களிலேயே சிலி நாட்டு ஆய்வாளர்கள், விதைப்பையை ஒட்டிய சுருள்குழாயில் தேங்கும் விந்தணுக்களைக் கொண்டு, அல்பாக்காவின் நெருங்கிய உறவு விலங்கான லாமாவில் இதைச் செய்துகாட்டினார்கள். பிசுபிசுப்புச் சிக்கலைத் தாண்ட அது ஒரு வழி.

அப்படிச் சேமிக்க வேண்டியது எதை? வெள்ளை, கறுப்பு, பழுப்பு, சாம்பல் என இருபதுக்கும் மேற்பட்ட இயற்கை நிறங்கள் அல்பாக்காவுக்கு உண்டு. ஆனால் வெள்ளை உரோமத்துக்கு எந்தச் சாயமும் ஏற்றலாம் என்பதால் ஆலைகள் அதற்கே கூடுதல் விலை கொடுத்தன, மந்தைகளும் வெளுத்தன. சுருண்டு தொங்கும் உரோமம் கொண்ட சூரி வகை இன்று மிகச் சிறுபான்மை. இழப்பு புதிதும் அல்ல. தெற்குப் பெருவின் எல் யாராலில் கிடைத்த, சுமார் ஆயிரம் ஆண்டு பழமையான விலங்கு மம்மிகளின் உரோமம், இன்றைய மந்தைகளின் உரோமத்தைவிட மெல்லியதும் சீரானதுமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் ஸ்பானியப் படையெடுப்பில் மந்தைகளோடு அவற்றை வளர்த்தெடுத்த அறிவும் சிதைந்தது. இந்த நிலையில், சந்தை இன்று விரும்பும் சில விலங்குகளை மட்டும் ஆய்வுக்கூடம் பெருக்கினால் மரபுத்தளம் மேலும் குறுகும். பெருவின் வேளாண் ஆய்வு நிறுவனம் பூனோ பகுதியின் கிம்சசாட்டாவில் நிற அல்பாக்காக்களை மந்தையாகப் பேணிவருகிறது. ஆனால் ஒரு கொள்ளைநோயோ கடும் பனியோ அந்த மந்தையை அழித்துவிடலாம். உறைநிலையில் கருக்களும் சேமிக்கப்பட்டால் இழந்ததை மீட்க வழி இருக்கும்.

விக்குன்யாவைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அல்பாக்காவின் மூதாதையான இந்தக் காட்டு விலங்கு, 1960களில் பெருவில் சில ஆயிரங்களாகச் சுருங்கியது. 1967இல் அமைந்த பாம்பா கலேராஸ் காப்பகம், வேட்டைத் தடை, உரோமம் கத்தரிக்கும் உரிமையை மலைச் சமூகங்களுக்கே தந்தது ஆகியவற்றால், 2012 கணக்கெடுப்பில் 2 லட்சத்தைத் தாண்டியது. எந்த ஆய்வுக்கூடமும் அதற்குத் தேவைப்படவில்லை. உண்மைதான். ஆனால் விக்குன்யாவை அழித்தது துப்பாக்கி. அதைத் தடுத்ததும் இனம் மீண்டது. அல்பாக்காவின் நிறங்களோ வளர்ப்பவரின் தேர்விலேயே மறைகின்றன. விலை மாறாதவரை அந்தத் தேர்வைக் குறைசொல்ல முடியாது, பிழைப்பு அது. விலை மாறும் நாள்வரை மரபைக் காத்துவைப்பது அரசின் வேலை.

இன்னொரு மறுப்பு வலுவானது: குளிரிலும் குடல்நோயிலும் குட்டிகள் மடியும்போது நுண்ணோக்கிக்கு ஏன் செலவிட வேண்டும்? கொட்டகையும் தடுப்பூசியும் தீவனமும் முதலில் வர வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். நம் நாட்டு ஒட்டகமே சாட்சி. 2012இல் 4 லட்சமாக இருந்த இந்திய ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகக் குறைந்தன. ஒட்டகத்தில் சோதனைக் குழாய் முறை மட்டுமல்ல, குளோனிங்கும் வென்றுவிட்டது. 2009இல் துபாயில் இன்ஜாஸ் என்ற குளோனிங் ஒட்டகக் குட்டி பிறந்தது. ஆனாலும் மேய்ச்சல் நிலமும் மேய்ப்பருக்கு வருமானமும் இல்லாத இடத்தில் அந்த வெற்றியால் மந்தை பெருகாது. அதற்காக ஆய்வை நிறுத்துவது தீர்வாகாது. கொட்டகை இந்த ஆண்டுக் குட்டியைக் காக்கும், கருவங்கி அறுந்துபோகும் மரபைக் காக்கும். பின்னதற்கு இன்று செலவிடாமல் விட்டால், மரபு முற்றிலும் அழிந்தபின் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது.

ஆகவே மூன்று நிபந்தனைகள் வேண்டும். எந்த விலங்கின் முட்டை, எந்த மந்தை, என்ன நிறம் என்ற பதிவு இல்லாமல் கரு உருவாக்கக் கூடாது. நிற அல்பாக்காவுக்கும் சூரிக்கும் முன்னுரிமை தர வேண்டும். சேமித்த மரபின் மீதான உரிமை, அதைத் தலைமுறைகளாகக் காத்த மேய்ப்பர் சமூகங்களுக்கும் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2024ஐ ஒட்டகக் குடும்ப விலங்குகளின் ஆண்டாக அறிவித்ததற்கு நிலையான பயன் கிடைக்க, பெரு அரசு இந்த நிபந்தனைகளைச் சட்டமாக்க வேண்டும்.